ஒரு மடக்குப் பால்

அம்மா என்னைப் பெற்றவள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்து ஆளை அசத்துகிற விஷயம் அல்ல இது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெற்றவர்கள் பேரையூரில் இருந்தார்கள். பெற்ற தகப்பன், என்னை வளர்த்த அத்தாவின் உடன்பிறந்த தம்பி, ஆட்டு வியாபாரி, வீடு நிறையப் பிள்ளைகள். அத்தாவோ மதுரையில் தெற்குவாசல் பக்கம் ரெடிமேட் துணி விற்றுக்கொண்டு, கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லாமல் இருந்தார். கைக்குழந்தையாக இருந்த என்னைத் தம்பி அண்ணனிடம் கொடுத்துவிட்டார். சண்டையும் இல்லை, சடங்கும் இல்லை. அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் மதுரைக்கு வந்துவிட்டாள்.

மீசை அரும்பும்வரை நான் செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா மடியில் தலையை வைத்துப் படுத்துவிடுவேன். அவள் பேன் பார்ப்பாள். இல்லாத பேனையும் குத்துவாள். "எருமை மாதிரி வளந்துட்டான், இன்னும் மடி கேக்குது" என்று அத்தா திட்டுவார். அவருக்கு உள்ளூரப் பொறாமை என்று அம்மா என் காதில் சொல்லிச் சிரிப்பாள். நான் அனுபவித்த சொர்க்கம் அதுதான். இனிமேல் கிடைக்கப்போவதாகச் சொல்கிற இன்னொன்றைப் பற்றி எனக்கு அம்புட்டு ஆர்வம் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் பெண்களுக்கு மார்க்க வகுப்பு ஆரம்பித்தார்கள். அதுவரை எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மார்க்கம் என்றால் தொழுகை, நோன்பு, பாத்திஹா, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஓதி ஊதிய தண்ணீர். யார் முன்னால் முக்காடு போடுவது என்பதெல்லாம் பழக்கத்தில் இருந்தது. யாரும் புத்தகத்தைப் பார்த்துப் போடவில்லை. வகுப்பெடுக்க வந்த ஆலிமா, வெளியூர் மதரஸாவில் ஓதி முடித்து வந்த சின்னப் பெண். அரபியில் ஓதுவாள், தமிழில் அர்த்தம் சொல்வாள், கிதாபில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்வாள். அம்மாவுக்கு அவள் மேல் அப்படி ஒரு மரியாதை. "இந்த வயசுல இம்புட்டு அறிவு பாரு" என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெண் மஹ்ரம் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறாள். ஒரு பெண் எக்காலத்திலும் மணக்கக் கூடாதவர் எவரோ அவர் அவளுக்கு மஹ்ரம். தகப்பன், கூடப்பிறந்தவன், பெற்ற மகன், அக்கா தங்கச்சி பிள்ளைகள் எல்லாம் அதில் வருவார்கள். அவர்கள் முன்னால் முக்காடு வேண்டாம், தொடலாம், ஒரு வீட்டில் தனியாக இருக்கலாம். மற்ற ஆண்கள் எல்லாம் அந்நியர்கள். அம்மா கையைத் தூக்கி, வளர்த்த பிள்ளை எதில் சேர்த்தி என்று கேட்டிருக்கிறாள். யாருடைய பிள்ளை என்று ஆலிமா கேட்டாளாம். புருஷனின் தம்பி பிள்ளை என்றதும் கொஞ்ச நேரம் கிதாபைப் புரட்டிவிட்டு, "பருவம் வந்துட்டா அந்நிய ஆம்பளைதாம்மா" என்றாளாம். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் பின்னால் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் பையைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு வழக்கம்போல் மடியைத் தேடி வந்தேன். அம்மா எழுந்து சுவரோரம் போய் நின்றாள். முந்தானையை இழுத்துத் தலையை மூடினாள். யாரோ ஆம்பளை வந்திருக்கிறார் என்று நினைத்துத் திரும்பி வாசலைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

அத்தா வீடே அதிரச் சத்தம் போட்டார். "பச்சப்புள்ளையாத் தூக்கியாந்து வளத்துட்டு இன்னைக்கு அந்நியங்கிற. கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?"

"நான் சொல்லலீங்க. சட்டம் சொல்லுது" என்றாள் அம்மா. கடையில் மீட்டர் துணிக்கு வாய் வலிக்கப் பேரம் பேசுகிற மனிதர், சட்டம் என்ற சொல்லுக்கு முன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு புது வாழ்க்கை தொடங்கியது. நான் இருக்கிற அறைக்குள் வருமுன் அம்மா தொண்டையைச் செருமுவாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். என் கை அவள் கையில் படக் கூடாது. ஆனால் தட்டில் கறி முன்னைவிடக் கூடுதலாக இருந்தது. கறிக்கு மட்டும் கிதாபில் அளவு சொல்லவில்லை போலிருக்கிறது. வாரச்சந்தைக்காக அத்தா துணிமூட்டையோடு உசிலம்பட்டிக்குப் போகிற நாளில் நானும் அவளும் வீட்டில் தனியாக இருக்கக் கூடாதென்று வாசல் கதவை விரியத் திறந்து போட்டுவிடுவாள். ஈயும் வரும், கோழியும் வரும், தெருவில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். கதவு திறந்திருந்தால் அன்றைக்கு உசிலம்பட்டிச் சந்தை என்று தெருவே தெரிந்துகொண்டது. அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது. நான் என்ன செய்துவிட்டேன் என்று இந்தக் கதவு?

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் எனக்கு நல்ல காய்ச்சல். அத்தா கடைக்குப் போயிருந்தார். கண்ணைத் திறந்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் ஒரு டர்க்கித் துண்டைச் சுற்றிக்கொண்டு, அந்தக் கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். துண்டு வழியாகக் காய்ச்சல் தெரியுமா? தெரியவில்லை. துண்டை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். அப்புறம் துண்டால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கஞ்சி வைக்கப் போனாள்.

அன்றைக்கு நான் அவளைத் திட்டினேன். ஆலிமாவைத் திட்டினேன், கிதாபு எழுதியவர்களைத் திட்டினேன். தெருவில் கத்திரிக்காய் விற்கிறவனோடு அரைமணி நேரம் பேரம் பேசுகிறாய், எனக்குக் காய்ச்சல் பார்க்கத் துண்டா என்று கத்தினேன். அவள் அடுப்படியிலிருந்து கஞ்சியைக் கொண்டுவந்து எட்ட வைத்துவிட்டுப் போனாள்.

பிளஸ் டூ படிக்கும்போது எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனேன். வயதானவர், யாரையும் அதட்டத் தெரியாதவர். ஆலிமா சொன்னது தப்பு என்று அவர் சொல்லிவிடுவார், அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்பதுதான் என் கணக்கு. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள சொன்னது சரிதான் தம்பி" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பொறுக்கவில்லை. "கொஞ்சம் இரு. ஒங்க அம்மாவோட தங்கச்சி யாராவது ஒனக்குப் பால் குடுத்திருக்காங்களா? ரெண்டு வயசுக்குள்ள ஒரு மடக்கு குடிச்சிருந்தாலும் நம்ம மத்ஹபு சட்டப்படி போதும். பால் குடுத்தவங்க ஒனக்குத் தாய். ஒங்க அம்மா ஒனக்குப் பெரியம்மா ஆயிருவாங்க. பெரியம்மா மஹ்ரம். அப்பறம் முக்காடு என்னத்துக்கு, துண்டு என்னத்துக்கு? போயிக் கேட்டுட்டு வா."

கேட்டுட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். அம்மாவுக்கு ஒரே ஒரு தங்கச்சி, கோச்சடையில் இருந்தாள். சின்னம்மாவின் மூத்த மகனும் நானும் ஒரே வயசு. நான் தூக்கி வரப்பட்டபோது அவன் பால்குடிப் பிள்ளை. அப்படியென்றால் சின்னம்மாவிடம் பால் இருந்திருக்கும். கட்டாயம் ஒரு தடவையாவது கொடுத்திருப்பாள். பசித்து அழுகிற பிள்ளைக்குக் கொடுக்காமல் இருப்பாளா? வழியெல்லாம் நானே எனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டு போனேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் முறம் நின்றுவிட்டது. அவளுக்கு இந்தச் சட்டம் என்னைவிட முன்பே தெரியும் என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. ஆலிமா அடுத்த வாரமே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"பேரையூர்லருந்து ஒன்னத் தூக்கியாந்தன்னிக்கு அவ நம்ம வீட்டுலதான் இருந்தா" என்று அம்மா சொன்னாள். "பஸ்ஸுல இருந்தே நீ பசியில கத்துற. புட்டிப்பாலத் துப்பித் துப்பி எறியிற. அவ தம் புள்ளையக் கீழ கெடத்திட்டு ஒன்னத் தூக்கி மடியில போட்டா. ரவிக்கையக்கூட அவுத்துட்டா. நான் வெறி புடிச்ச மாதிரி ஓடிப்போயி ஒன்னப் புடுங்கிட்டேன். எம்புள்ளைக்கு நாந்தான் அம்மா, இன்னைக்கு ஒம்பாலக் குடுத்துட்டு நாளைக்கு எம்புள்ளம்ப, ஒண்ணும் வேணாம்னு சொல்லிப்புட்டேன். அவ அழுதுக்கிட்டே அன்னைக்கே கோச்சடைக்குப் போயிட்டா. ரொம்ப நாளு எங்கூடப் பேசல."

"பெறகு எப்பவாச்சும்?"

"ஒன்ன அவ கையில குடுக்கவே இல்ல ராசா. அவ வர்றான்னு தெரிஞ்சாலே தூக்கி இடுப்புல வச்சுக்குவேன்."

பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு மடக்கு. ஒரே ஒரு மடக்கு குடிக்க விட்டிருந்தேன்னா இன்னைக்கு ஒன் தலைய என் மடியில வச்சிருப்பேன்ல" என்றாள். மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் எதிரே நின்றேன். கண்ணீரைத் துடைத்துவிடக் கூடாது, தோளைத் தொடக் கூடாது. எனக்கு மட்டுமே அம்மாவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அந்த ஆசைதான் இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டது. இதற்கு யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஹஜ்ரத்திடம் பதில் சொல்லத் திரும்பிப் போகவும் இல்லை.

ஆனால் நான் லேசில் விடுகிற ஆள் இல்லை. காலேஜ் நாட்களில் எந்த ஆலிமைக் கண்டாலும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். அரபு நாட்டில் ஓதித் திரும்பிய ஒருவர், நீங்கள் ஒரே ஊரில் இருப்பதே தவறு என்கிற மாதிரிப் பேசினார். இன்னொருவர், வயதாகி ஆசாபாசம் அடங்கிய பெண்களுக்குக் குர்ஆனிலேயே சலுகை இருக்கிறது, அப்படிப்பட்டவர் கையைத் தொடுவதில் குற்றமில்லை என்று நம் கிதாபுகளிலும் இருக்கிறது, அம்பதைத் தாண்டிய உன் அம்மாவுக்கு என்ன வந்தது என்றார். எல்லோரும் கிதாபைத்தான் காட்டினார்கள். சட்டம் ஆண்டவனுடையது என்று சொல்லிக்கொடுத்து வளர்த்தார்கள். போய்க் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. எது ஆண்டவன் சொன்னது, எது மனிதர் புரிந்துகொண்டது என்று பிரித்துக் காட்ட ஒருவரும் இல்லை.

சலுகை சொன்னவரின் பதிலை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொட்டினேன். முழுசும் கேட்டாள். "அவரு பொய் சொல்ல மாட்டாரு. இருக்கும்" என்றாள். "ஆனா தம்பி, எனக்கு வேண்டியதா ஒண்ணத் தேடிப்புடிச்சு எடுத்துக்கிட்டா, அது நான் அல்லாவுக்குப் பயந்து நடந்ததா ஆகுமா? ஒன் மேல உள்ள ஆசைக்கு நடந்ததாத்தான் ஆகும்."

"ஆசைக்கு நடந்தா என்னம்மா?"

"அந்த ஆசைக்கு நடந்துதான அன்னைக்கு ஒன்னப் புடுங்குனேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இதற்கு நான் என்ன கிதாபைக் காட்டுவது?

அத்தா இறந்ததும் நிலைமை இன்னும் மோசமாயிற்று. நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு வீட்டில் இருக்க முடியாது. விதவைக்கான இத்தா நாட்களைச் சின்னம்மா துணையோடு வீட்டில் கழித்துவிட்டு அம்மா கோச்சடைக்குத் தங்கச்சி வீட்டோடு போய்விட்டாள். நான் தெற்குவாசல் வீட்டில் கடையைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் டவுன் பஸ் பிடித்துப் போவேன். அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வாள், நான் வாசல் பக்கம். கடை எப்படி, சாப்பாடு எப்படி, பொண்ணு பார்க்கட்டுமா என்று பேசுவாள். புறப்படும்போது தூக்குவாளியில் குழம்பு வரும். அதை என் கையில் கொடுப்பது சின்னம்மாவின் வேலை.

சில வருஷங்கள் அப்படியே போயின. ஒரு நாள் காலையில் சின்னம்மா மகன் கடைக்கு ஓடிவந்தான். அம்மாவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது அவளைப் படுக்க வைத்து ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் முக்காட்டை எடுத்துத் தலைமாட்டில் போட்டிருந்தாள். அம்மாவின் முடி முழுக்க வெளுத்திருந்தது. எனக்குத் தெரிந்த அம்மாவுக்குக் கருகருவென்று இடுப்புவரை முடி. நடுவில் அது எப்போது நரைக்கத் தொடங்கியது, எப்போது கொட்டியது, ஒன்றும் எனக்குத் தெரியாது. வேறு எவளோ படுத்திருக்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். பேச்சு வரவில்லை. ஒரு கை அசையவில்லை, இன்னொரு கையில் ஊசி. கண் மட்டும் என்னையும் தலைமாட்டையும் மாறி மாறிப் பார்த்தது. என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் அந்த முடியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. துணியை எடுத்து, கை படாமல், அவள் தலையை நானே மூடினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் அவளுக்கு நினைவு திரும்பவில்லை.

அம்மா இறந்ததும் மய்யித்தைக் கோச்சடைக்குத்தான் கொண்டுவந்தார்கள். பெண்கள் குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி, கூடத்தில் கிடத்தினார்கள். தெற்குவாசலிலிருந்து எங்கள் பழைய ஹஜ்ரத் வந்திருந்தார். "மஹ்ரமான ஆம்பளைங்க மட்டும் வந்து கடைசியா முகத்தப் பாத்துக்கங்க" என்றார். சின்னம்மாவின் மகன்கள் உள்ளே போனார்கள். நான் வாசற்படியில் நின்றேன்.

ஹஜ்ரத் என்னைக் கண்டுவிட்டு அருகே வந்தார். "தம்பி, கேட்டுட்டு வாரேன்னு போனியே, அப்பறம் வரவே இல்லையே. பால் விசயம் என்னாச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து சின்னம்மா சத்தமாகச் சொன்னாள்: "நான் குடுத்திருக்கேன் ஹஜ்ரத். அவன் பேரையூர்லருந்து வந்தன்னிக்கு நாந்தான் பால் குடுத்தேன். அவனப் பாக்க விடுங்க. அவனையே கபர்ல எறங்கி வைக்கச் சொல்லுங்க."

ஹஜ்ரத்தின் முகம் மலர்ந்தது. "இந்த நேரத்துல நான் சாட்சி கேக்கப் போறதில்ல. அல்லா போதும். உள்ள போ தம்பி" என்று என் முதுகில் கை வைத்தார். கூடம் நாலு எட்டுத் தள்ளி இருந்தது. அங்கே அம்மாவின் முகம் திறந்திருந்தது. முகத்தைப் பார்க்கலாம், கபர்க் குழிக்குள் இறங்கி என் கையாலேயே அவளைக் கிடத்தலாம். என் ஆயுளுக்கும் நான் கேட்டது அவ்வளவுதான்.

"இல்ல ஹஜ்ரத்" என்றேன். "சின்னம்மா குடுக்கல. அம்மா விடல."

சின்னம்மா ஓவென்று அழுதாள். "ஒரு வார்த்த ஆமான்னு சொன்னா என்னடா பாவி? அவளுக்கு நீதானடா எல்லாம்."

சொல்லியிருக்கலாம்தான். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தப் பால் உண்மை என்று நான் தலையாட்டிவிட்டால், அம்மா துண்டைச் சுற்றிக்கொண்டு தொட்டது எதற்கு? கதவைத் திறந்து போட்டது, கோச்சடைக்குப் போனது, கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே பேசிப் பேசி உயிரைவிட்டது, எல்லாம் ஒரு தேவையில்லாத வேலை என்று ஆகிவிடும். அவள் அழுதுகொண்டே காப்பாற்றியதை அவள் கண் மூடிய அன்றைக்கே நான் பொய்யாக்க மாட்டேன். அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். அன்றைக்கு நான் கட்டுப்பட்டது அம்மாவுக்கு.

ஹஜ்ரத் என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே கஃபனின் முகப்பக்கத்தை மூடிக் கட்டினார்கள். சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சந்தூக்குக்குத் தோள் கொடுக்க மஹ்ரமாக இருக்க வேண்டியதில்லை. தெருவில் போகிறவர்கூடக் கொடுக்கலாம். முன்கட்டையைத் தோளில் வாங்கினேன். மாற்றிக்கொள்ள வந்தவர்களை எல்லாம் தள்ளிவிட்டு மையவாடிவரை நானே சுமந்தேன். மடியிலிருந்து எழுப்பிவிடப்பட்ட நாளுக்கப்புறம் அவளுக்கு அவ்வளவு கிட்டத்தில் நான் இருந்தது அந்தத் தெருக்களில்தான்.

பெண் மய்யித்தைக் கபருக்குள் வைக்கும்போது மேலே ஒரு போர்வையை விரித்துப் பிடித்து மறைப்பார்கள். யாரோ ஒரு முனையை என் கையில் கொடுத்தார்கள். சின்னம்மாவின் மகன்கள் கீழே இறங்கினார்கள். போர்வைக்கு அடியில் "மெதுவா, மெதுவா" என்று அவர்கள் பேசிக்கொள்வது கேட்டது. நான் போர்வையைத் தொய்யாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மண் தள்ளி, துஆ ஓதி, கூட்டம் கலைந்தது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், ஜனாஸாத் தொழுகை என்று கேள்விப்பட்டு வந்தவர், எங்கள் யாரையும் தெரியாதவர், என்னிடம் வந்து கையைப் பிடித்தார்.

"மய்யித்து ஒங்களுக்கு என்ன வேணும் தம்பி?"

"அம்மா" என்றேன்.

"அப்பறம் ஏன் நீங்க எறங்கல? மகன்தான எறங்கி வைக்கணும்?"

அவர் விவரம் தெரியாமல் கேட்டார். அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதேன்.